மேடம் சொன்னால் புரியும் கணக்கு

1

ஒரே மேஜை. ஒரே கரும்பலகை. சொல்லிக்கொடுப்பவள் ஒருத்தி. எதிரே இரண்டு ஆண்கள், ஒரே தொழிற்சாலையில் ஒரே வேலை பார்ப்பவர்கள். பாடம் முடிந்ததும் ஒருவருக்குப் புரிந்திருக்கிறது, இன்னொருவருக்குப் புரியவில்லை. அந்தப் புரியாதவர், சொல்லிக்கொடுப்பவளின் கணவராகவே ஏன் இருக்கிறார்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். விடை தெரியாத கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கணக்கை விட்டுவிட்டுப் போக முடியாது. இதோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

வெளிநாட்டுத் தமிழ்ப் பெண்களுக்கான இந்தப் பகுதியில், மஸ்கட்டிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் எழுதுகிறவர்களுக்கு நடுவே மைசூரிலிருந்து ஒருத்தி எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். நான் கடல் எதையும் தாண்டவில்லை. கோவில்பட்டியில் ரயில் ஏறினால், வழியில் மாறி, மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். ஆனால் பஸ்ஸின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கேட்டு ஒரு வருடம் ஓட்டினேன். ஆற்றுத் தண்ணீர்ச் சண்டை பெரிதாகும் நாட்களில் எங்கள் வீட்டு உரிமையாளர், தமிழ்ப் பத்திரிகையை வாசலில் போட வேண்டாம், உள்ளே கொண்டுபோய்க் கொடு என்று பேப்பர்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறார். நல்ல மனிதர், எங்கள் நன்மைக்காகத்தான் சொன்னார். ஆகவே எனக்கு இது வெளிநாடு என்று நானே தீர்மானித்துக்கொண்டு எழுதுகிறேன். தவறென்றால் ஆசிரியர் வெட்டிவிடட்டும்.

2

என் கணவர் முருகேசன் இங்கே தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதிய காலத்தில், அவர்கள் தொழிற்சாலைக்கு டை கட்டிய புது நிர்வாகி ஒருவர் வந்தார். இனிமேல் அதிகாரி ஆக வேண்டுமென்றால் மேலாண்மைப் பட்டயம் வேண்டும் என்று அறிவித்தார். தபாலில் படித்தால் போதும். ஆனால் அடுத்த ஏப்ரலுக்குள் முடித்திருக்க வேண்டும். முடிக்காதவர்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். கல்லூரியிலிருந்து நேராக வரும் பையன்கள் அவர்களுக்கு மேலே உட்காருவார்கள்.

அதைச் சொன்ன அன்று என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. பதினாறு வயதில் வேலைக்குப் போனவர், பிறகு மாலை வகுப்பில் தொழிற்பட்டயம் வாங்கியவர். கையால் ஒரு பாகத்தைத் தொட்டுப் பார்த்தே அது அளவுக்குச் சரியா இல்லையா என்று சொல்வார் என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் மேல் ஒரு பையன் உட்காருவதை நினைக்க எனக்கும் பிடிக்கவில்லை. நான்தான் விண்ணப்பம் வாங்கிவரச் சொன்னேன். நான்தான் பூர்த்தி செய்தேன். பின்னால் நடந்தது எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பமோ என்று இப்போது தோன்றுகிறது.

தபாலில் பாடங்கள் வந்தன. வணிகக் கணிதம், கணக்குப்பதிவியல், இன்னும் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அசைன்மென்ட் எழுதி அனுப்ப வேண்டும். முதல் மாதம் அவர் போட்டார், நான் திருத்தினேன். இரண்டாம் மாதம் நான் போட்டேன், அவர் பார்த்து எழுதினார். மூன்றாம் மாதம் ஷிஃப்ட் மாறியது. கைவலி என்றார். அதன் பிறகு நானே போட்டு நானே எழுதினேன். அவர் கையெழுத்து மட்டும் போட்டார். அதையும் தாளைப் படித்துப் பார்த்து, எங்காவது ஒரு காற்புள்ளியைச் சேர்த்துவிட்டுத்தான் போடுவார். பொறுப்பான மனிதர்.

எங்கள் மகள் கவிதா எல்.கே.ஜி. படிக்கிறாள். அவளுக்கும் வீட்டுப்பாடம் உண்டு. மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு வரிசை வரிசையாகக் கோடு போடுவாள். இந்த வீட்டில் தன் வீட்டுப்பாடத்தைத் தானே செய்கிறவள் அவள் ஒருத்திதான்.

3

கணிதம் எனக்குத் தகராறு இல்லை. வகைக்கெழு, பெருமம், சிறுமம் என்று தமிழில் படித்ததை ஆங்கிலப் பெயர்களோடு பொருத்திக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆனது, அவ்வளவுதான். கணக்குப்பதிவியல்தான் புதுசு. தேவராஜ மார்க்கெட் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் தடிமனாக ஒரு அமெரிக்கப் புத்தகம் கிடைத்தது. படமெல்லாம் போட்டு அழகாக விளக்கியிருந்தது. அதைப் படித்து ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைத் தயாரித்தேன். சொத்துகள் இடதுபக்கம், பொறுப்புகள் வலதுபக்கம். இரண்டு பக்கமும் கூட்டினால் ஒரே தொகை. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

தாள் திரும்பி வந்தது. சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. நம் நாட்டில் பொறுப்புகளைத்தான் இடதுபக்கம் போட வேண்டுமாம், சொத்துகள் வலதுபக்கமாம். அமெரிக்காவில் அப்படி, இங்கே இப்படி. கார்கூட அங்கே வேறு பக்கம்தானே ஓடுகிறது, எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: இடம் வலம் தெரியாதவர் எப்படி நிர்வாகி ஆவார்?

என் கணவர் அதைப் பலமுறை படித்தார். "என்னைய இப்படிக் கேட்டுட்டானே" என்றார். அந்தத் தாளில் அவருடையது கையெழுத்தும் காற்புள்ளியும் மட்டும்தான் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று அப்புறம்தான் யோசித்தேன்.

அன்று அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு நாகரத்னாவிடம் போனேன். எங்கள் வளாகத்தில் ஒரே சுற்றுச்சுவருக்குள் ஓட்டு வீடுகள் எதிரெதிர் வரிசையாக இருக்கின்றன, நடுவில் ஒரு குழாய். நாகரத்னா என் வயதுக்காரி, பி.காம். படித்தவள். அவள் கணவர் மஞ்சுநாத்தும் என் கணவரின் தொழிற்சாலையில்தான் சூப்பர்வைசர். அவரும் அதே பட்டயத்துக்குப் படிக்கிறார். அதாவது நாகரத்னா படிக்கிறாள்.

தாளைப் பார்த்துச் சிரித்தாள். செண்பகவல்லி என்ற என் பெயர் அவள் வாயில் சம்பா ஆகிவிடும். "இதுக்கா முகத்தை இப்படி வச்சிருக்கே சம்பா? கொடு, ரெண்டு நிமிஷம்" என்றாள். பிறகு உள்ளே போய், பரணிலிருந்து எதையோ இறக்குகிற மாதிரி ஒரு கட்டுத் தாளைத் தூக்கிவந்து என் முன்னால் போட்டாள். மஞ்சுநாத்தின் வணிகக் கணிதம். அதிகபட்ச லாபம் எந்த உற்பத்தியில் வரும், செலவு எங்கே குறையும் என்ற கணக்குகள் தொடாமலே கிடந்தன.

அன்றைக்கே ஒப்பந்தமாகிவிட்டது. இரண்டு வீட்டுக் கணிதமும் எனக்கு, இரண்டு வீட்டுக் கணக்குப்பதிவும் அவளுக்கு. காலையில் கணவர்களும் குழந்தைகளும் கிளம்பியதும் தாள்கள் குழாயைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். அவள் வீட்டு அவரைக்காய் உப்புமாவும் எங்கள் வீட்டுக் கடலை மிட்டாயும் கூடவே போய்வரும். இந்த ஊரில் எனக்கு முதல் சிநேகிதி கிடைத்தது வகை நுண்கணிதத்தால்தான். என் கன்னடமும் அதில்தான் தேறியது. லாபம், நஷ்டம், தேய்மானம் எல்லாம் கன்னடத்தில் சொல்வேன். கத்தரிக்காய் வாங்கப் போனால்தான் திணறுவேன்.

4

பரீட்சை வந்தது. பரீட்சைக்கு மனைவியை அனுப்ப முடியாது என்பதை அப்போதுதான் இரண்டு வீட்டு ஆண்களும் கவனித்தார்கள்.

ஆகவே பாடம் நடத்தினோம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை, கவிதாவின் கரும்பலகை. திங்கள், புதன் நான். செவ்வாய், வியாழன் நாகரத்னா. மாணவர்கள் இருவரும் எல்லா நாளும்.

ஊரில் என் தம்பிக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் பத்தாம் வகுப்புக் கணக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் தேறினார்கள். என் கையில் அடிக்கோல் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. அதனால் உதாரணம் தேடினேன். லாபம் உச்சத்தில் இருக்கும்போது வகைக்கெழு ஏன் பூஜ்யம் என்பதற்குச் சாமுண்டி மலையைச் சொன்னேன். பஸ் மலைமேல் ஏறுகிறது. உச்சிக்குப் போனதும் ஒரு கணம் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அந்த இடம்தான் பூஜ்யம். அதற்கப்புறம் இறக்கம். உதாரணம் சரியா, ரொம்பச் சின்னப்பிள்ளைத்தனமா என்று சமைக்கும்போதெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

மஞ்சுநாத் பேனாவை நிறுத்திவிட்டுப் பலகையைப் பார்த்தார். "ஹௌதல்லா" என்றார். அட ஆமாம் என்று அர்த்தம். "அர்த்த ஆய்து மேடம்", புரிந்துவிட்டது என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

என் கணவர், "மலைக்கும் லாபத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். வேறு மாதிரி சொன்னேன். குக்கர் விசில் அடித்தது. "மூணாச்சு, அடுப்ப அணை" என்றார். அணைத்துவிட்டு வந்து மறுபடியும் சொன்னேன். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்துவிட்டு மூன்றாவது முறை சொன்னேன். சுண்ணாம்புக்கட்டி என் சேலையில் பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். கவிதா கோடு போடுவதை நிறுத்திவிட்டு, "அப்பங்கெ லெக்க பரல்லா?" என்று கேட்டாள். அப்பாவுக்குக் கணக்கு வராதா என்கிறாள். இவளுக்கு ஏன் தமிழ் வரவில்லை என்று அவர் என்னைக் கேட்டார். பாடம் அத்தோடு முடிந்தது.

மறுநாள் செவ்வாய். நாகரத்னாவின் முறை. என் கணவர் தலைசீவி, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். தேய்மானம் என்றால் என்ன என்பதற்கு அவள் மஞ்சுநாத்தின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டாள். வாங்கிய வருடத்திலிருந்து அதன் மதிப்பு எப்படிக் குறைகிறது என்று பலகையில் எழுதிக்காட்டினாள். குக்கர் விசில் அடித்தது, என் கணவருக்கு அது காதில் விழவே இல்லை. "சரிங்க மேடம்" என்று ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். மஞ்சுநாத் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். தன் ஸ்கூட்டருக்கு ஒரு குறையும் இல்லை, நேற்றுகூட ஒரே உதையில் கிளம்பியது என்றார். அவள் "ஏன்ரீ, கணக்கைக் கேளுங்க" என்றாள். அவர் ஸ்கூட்டரைத் துடைக்க எழுந்து போய்விட்டார்.

அன்று இரவு சாப்பிடும்போது என் கணவர் எனக்குத் தேய்மானத்தை விளக்கினார். இரண்டு முறைகள் இருக்கின்றன, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது.

5

முடிவு வந்த நாள் எங்கள் கல்யாண நாள். காலையிலேயே பாயசம் வைத்துவிட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

என் கணவர் கணக்குப்பதிவியலில் நல்ல மதிப்பெண், வணிகக் கணிதத்தில் தோல்வி. மஞ்சுநாத் வணிகக் கணிதத்தில் நல்ல மதிப்பெண், கணக்குப்பதிவியலில் தோல்வி. மற்ற பாடங்களை இருவரும் தாண்டிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பாடம் பாக்கி, அதுவும் அவரவர் மனைவி படித்த பாடம்.

சாயங்காலம் மஞ்சுநாத் ஒரு தட்டில் மைசூர்பாகும் பூவும் வெற்றிலைபாக்கும் வைத்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எல்லாம் மேடம் உங்களால்தான் என்று சொல்லி என் கையில் கொடுத்தார். அதே நேரத்தில் என் கணவர் ஒரு தட்டில் பழம் வைத்து எடுத்துக்கொண்டு நாகரத்னாவின் வீட்டுக்குப் போயிருந்தார். குழாயடியில் இருவரும் ஒருவரை ஒருவர் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. தட்டோடு நான் வாசலுக்கு வந்தபோது எதிர் வாசலில் நாகரத்னா தட்டோடு நின்றாள். நியாயமாக நாங்கள் இருவரும் சிரித்திருக்க வேண்டும். ஏனோ சிரிப்பு வரவில்லை.

அன்றைக்குக் கவிதா தூங்கிய பிறகு கேட்டேன். கேட்கலாமா வேண்டாமா என்று நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் கேட்டேன்.

"நான் சொன்னது உங்களுக்குப் புரியலையா, இல்ல நீங்க கேக்கலையா?"

அவர் கோபப்படவில்லை. யோசித்துத்தான் சொன்னார். "நீ சொல்லும்போது டீச்சர் மாதிரி சொல்ற."

"அவங்க?"

"அவங்க டீச்சராச்சே."

நாகரத்னா அந்த மேஜைக்கு வருவதற்கு முன் ஒரு நாள்கூட யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. அதை நான் சொல்லவில்லை. கல்யாண நாள், பாயசம் மீதி இருந்தது.

அம்மாவுக்கு இன்லண்ட் கடிதத்தில் விவரம் எழுதினேன். மாப்பிள்ளை மனம் நோகாமல், உனக்குத் தெரியாதது மாதிரி சொல்லிக்கொடு என்று பதில் வந்தது. தெரியாதது மாதிரி வகைக்கெழுவை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று இரண்டு நாள் முயன்று பார்த்தேன். "இது பூஜ்யமா இருக்குமோ?" என்றேன். "எனக்கெப்படித் தெரியும்?" என்றார்.

6

மறு பரீட்சை மார்ச்சில். அதிலும் போனால் ஏப்ரல் போய்விடும். இந்தத் தடவை வழி கண்டுபிடித்தவர்கள் ஆண்கள்தான். இருவரும் ஷிஃப்ட் முடிந்து ஒரே ஸ்கூட்டரில் திரும்பும்போது பேசி முடிவு செய்தார்களாம். நான் நாகரத்னாவுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவள் அதை என் கணவருக்குச் சொல்லிக்கொடுப்பாள். அவள் எனக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் அதை மஞ்சுநாத்துக்குச் சொல்லிக்கொடுப்பேன். இதை என் கணவர் ஏதோ புது இயந்திரத்தைக் கண்டுபிடித்ததுபோல் சொன்னார். குறை சொல்ல முடியாது, படித்தது மேலாண்மைதானே.

செய்தோம். வேறென்ன செய்ய? காலையில் நான் நாகரத்னாவுக்கு நடத்துவேன். அவள் கூர்மையானவள், ஒரு தடவை சொன்னால் போதும், இரண்டாவது தடவை என்னையே கேள்வி கேட்பாள். சாயங்காலம் அவள் எங்கள் மேஜைக்கு வந்து அதையே என் கணவருக்கு நடத்துவாள். நான் காபி போடுவேன். பிறகு நான் அவர்கள் வீட்டுக்குப் போய் மஞ்சுநாத்துக்கு ஸ்கூட்டரின் தேய்மானத்தை நடத்துவேன். நான் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டு, பழசாகிக்கொண்டுதான் வருகிறது மேடம் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த அறையில் நாகரத்னா பாத்திரத்தை ஓசையோடு கீழே வைத்தது கேட்டது.

போன வாரம் ஒரு நாள் நான் காபியோடு வந்தபோது நாகரத்னா பலகையில் ஒரு மலை வரைந்திருந்தாள். உச்சியில் ஒரு பஸ். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, அந்த இடம்தான் பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் கணவர் முகத்தில் விளக்கு எரிந்தது.

"பாத்தியா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "மேடம் எவ்வளவு சுளுவா சொல்லிட்டாங்க. இப்படிச் சொன்னா யாருக்குத்தான் புரியாது?"

நாகரத்னா திரும்பி என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கடைசியில் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் காபியைச் சிந்திவிட்டுச் சிரித்தேன். என் கணவர் இருவரையும் பார்த்து, பெண்களுக்குப் படிப்பில் கவனமே இல்லை என்றார்.

அவர் அடுத்த கணக்கைத் தானே போட்டார். விடை சரி. அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். என் மலைதான் அது. அவர் ஏறிவிட்டார். யார் பெயரில் ஏறினால் என்ன என்று ஒரு மணி நேரம் நினைத்தேன். இரண்டாவது மணி நேரத்தில் அப்படி நினைக்க முடியவில்லை.

7

மறுநாள் காலை நாகரத்னா சொன்னாள்: "சம்பா, இப்போ உனக்கும் ரெண்டு பாடமும் தெரியும், எனக்கும் ரெண்டும் தெரியும். மத்த ரெண்டு பாடமும் நாமதான் எழுதிக் கிழிச்சோம். பரீட்சைக்குப் போக வேண்டியதுதான் பாக்கி."

இருவரும் அந்தப் படிப்பை நடத்துகிற அலுவலகத்துக்குப் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் யாருக்கு விண்ணப்பம் என்று கேட்டார். எங்களுக்கு என்றோம். விலாசத்தைக் கேட்டுவிட்டு, உங்கள் வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே படிக்கிறார்களே என்றார். ஆமாம், அதனால்தான் என்றாள் நாகரத்னா. அவர் யோசித்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். நாகரத்னாவின் பட்டம் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துடையது, சிக்கலில்லை. என்னுடையது வெளிமாநிலம். ஆகவே தகுதிச் சான்றிதழ் வாங்கிவர வேண்டும். கோவில்பட்டியில் இரண்டும் இரண்டும் நான்குதான் என்று யாராவது பெரிய அதிகாரி எழுதிக்கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. அதுகூட வாங்கிவிடலாம். எனக்குப் பயம் அதில் இல்லை.

இப்போது சேர்ந்தால் முதல் பரீட்சை இதே மார்ச்சில். அதே கூடம், அதே நாள், அதே வினாத்தாள். கணிதத்தில் என் கணவர் மறுபடி எழுதுவார், அவருக்குப் பின்னால் எங்கேயோ நான் எழுதுவேன். இருவரும் தேறினால் நல்லது. நான் தேறி அவர் தேறாவிட்டால் எங்கள் வீட்டில் ஏப்ரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் பேசுவார்கள். தன் மேல் ஒரு பையன் உட்காருவதையே தாங்காதவர் அவர். நானும் உட்கார்ந்தது மாதிரி அவருக்குத் தோன்றலாம். அதற்குப் பயந்து நான் சேராமலிருந்தால் அது அன்பா, வெறும் கோழைத்தனமா என்றும் தெரியவில்லை.

அவரிடமே கேட்டேன். "எழுதேன், யாரு வேண்டாம்னா? நான் பாஸ் பண்ணின பெறகு எழுது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் தேறினால் அடுத்து மேல்பட்டயம் இருக்கிறதாம், அதற்கும் கணிதம் உண்டாம் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

நாகரத்னா கணவரிடம் கேட்கவில்லை. பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு வந்து சொன்னாள். மஞ்சுநாத் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள், அப்படியென்றால் எனக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டாராம். சம்பா மேடம் இருக்கிறாரே என்றாளாம்.

என் விண்ணப்பம் பூர்த்தியாகாமல் கிடக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். இந்தப் பத்திரிகை இங்கே தபாலில் தாமதமாகத்தான் வரும், ஆகவே யோசனை இருப்பவர்கள் ஆசிரியர் மூலம் சீக்கிரம் எழுதுங்கள். இந்த மார்ச்சில் நானும் எழுதட்டுமா, அவர் தேறும்வரை பொறுக்கட்டுமா? பொறுத்திரு என்று சொல்ல நினைப்பவர்களில், கணவர் முடிக்கட்டும் என்று பொறுத்திருந்த பெண்கள் யாராவது இருந்தால், பிறகு நீங்கள் எப்போது எழுதினீர்கள் என்பதையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.